எந்த ஊர் அளவுகோல்?

ஃபேஸ்புக்கில் நாம போட்ட எதையாவது தூக்கிட்டாங்கன்னா ஒரு அறிவிப்பு வரும், உங்கள் பதிவு எங்கள் 'கம்யூனிட்டி ஸ்டாண்டர்ட்ஸு'க்கு ஒத்துவரவில்லை என்று. நாமளும் நாலு திட்டு திட்டிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவோம். அந்த 'கம்யூனிட்டி' யாரு, எந்த ஊர்க்காரங்க, எந்த ஆலமரத்தடியில கூடி இந்த ஸ்டாண்டர்டை முடிவு பண்ணினாங்கன்னு யாரும் கேட்கிறதில்லை.

இந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு. ஃபேஸ்புக் பிறக்கிறதுக்குக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு முன்னாடியே அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் புழங்கிய சொல் அது. ரேடியோ, டெலிபோன், இணையம்னு ஒவ்வொரு மின் ஊடகம் வரும்போதும் ஆபாசம் பற்றிய சண்டை திரும்ப வந்திருக்கு. கடைசியில 'எந்த ஊர்?' என்ற கேள்வியில் போய் முட்டிக்கிட்டு நின்றிருக்கு. நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனா இந்தக் கதையில சட்டத்துக்குச் சமமா நெட்வொர்க் எப்படி வேலை செய்யுதுங்கிறதும் வருது. அதனால தைரியமா எழுதுறேன்.

ஹிக்ளின் தாத்தா

கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்குது. 1868ல் ஹிக்ளின் வழக்கு. ஒரு புத்தகம் ஆபாசமா இல்லையான்னு கண்டுபிடிக்க நீதிபதி காக்பர்ன் ஒரு சோதனை சொன்னார். கெட்ட எண்ணத்துக்கு எளிதில் இடம் கொடுக்கிற மனசு உள்ளவங்க கையில் கிடைத்தால், அவங்களை அது கெடுக்குமா? கெடுக்கும்னா ஆபாசம், முடிஞ்சது கதை. வகுப்பிலேயே ரொம்ப வீக்கான பையனை மனசுல வச்சு மொத்த வகுப்புக்கும் சிலபஸ் போடுற மாதிரி.

வெள்ளைக்காரன் போன பிறகும் இந்தத் தாத்தா நம்ம ஊர்ல பென்ஷன் வாங்கிக்கிட்டிருந்தார். 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவலை விற்ற பம்பாய் புத்தகக் கடைக்காரர் ஒருவரின் தண்டனையை 1964ல் நம் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அளவுகோல்? அதே ஹிக்ளின் தான்.

அமெரிக்கா அதற்குள் தாத்தாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. 1957ல் ராத் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் புது அளவுகோல் கொடுத்தது. வீக்கான பையனை விடுங்க, சராசரி மனிதரைப் பாருங்க. ரெண்டு பத்தியைப் பிய்த்து எடுக்காதீங்க, முழுசாப் படிங்க. இன்றைய சமூகத்தின் அளவுகோலை வைத்து எடை போடுங்க. 'கம்யூனிட்டி ஸ்டாண்டர்ட்ஸ்' என்ற சொல் பெரிய மேடை ஏறியது இங்கேதான்.

நல்ல முன்னேற்றம் தான். ஆனா 'சமூகம்'னா எது? தெருவா, ஊரா, மாநிலமா, மொத்த தேசமா? அதைச் சொல்லாம விட்டுட்டாங்க. 1964ல் லூயி மால் எடுத்த ஒரு பிரெஞ்சுப் படத்தைத் திரையிட்ட ஓஹையோ தியேட்டர் மேனேஜர் வழக்கு வந்தப்போ நீதிபதிகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தாங்க. நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் சொன்னது உலகப் பிரசித்தம். ஆபாசத்துக்கு என்னால விளக்கம் சொல்ல முடியாது, ஆனா பார்த்தா தெரிஞ்சிடும், இந்தப் படம் அது இல்லை என்றார். (ஸ்பெக் இப்படி எழுதிக் கொடுத்தா எந்த டெஸ்டர் ஒத்துக்குவார்? :-))

1973ல் மில்லர் வழக்கு. கலிஃபோர்னியாவில் ஆபாசப் புத்தக விளம்பரங்களைத் தபாலில் அனுப்பிய ஒரு வியாபாரி. கேட்காமலே வந்த கவரை ஒரு ஓட்டல் மேனேஜர் பிரித்தார், பக்கத்தில் அவர் அம்மா. போலீஸ், கோர்ட், உச்சநீதிமன்றம் வரை போனது. ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் வந்த தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பர்கர். இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஒரே அளவுகோல் சரிப்படாது, லாஸ் வேகஸும் நியூயார்க்கும் பொறுத்துக்கிறதை மெய்னும் மிசிசிப்பியும் பொறுத்துக்கணும்னு கட்டாயம் இல்லை என்றார். அந்தந்த ஊர் ஜூரி, அந்தந்த ஊர் அளவுகோல். கூடவே ஒரு பாதுகாப்பும் வைத்தார்கள். இலக்கியம், கலை, அரசியல், அறிவியல் என்று உருப்படியான மதிப்பு இருந்தா அது ஆபாசம் ஆகாது.

அடுத்த வருஷமே இடித்தது. மைக் நிக்கல்ஸ் இயக்கி ஜாக் நிக்கல்சன் நடித்த 'கார்னல் நாலெட்ஜ்' படத்தைக் காட்டிய தியேட்டர்க்காரரை ஜார்ஜியா மாநில ஊர் ஒன்றின் ஜூரி குற்றவாளின்னு சொல்லிடுச்சு. உச்சநீதிமன்றம் 1974ல் அதை ஒருமனதாக ரத்து செய்தது. ஊருக்கு உரிமை உண்டு, அதுக்காக எதை வேணும்னாலும் ஆபாசம்னு சொல்லிட முடியாது என்பது சாரம்.

இதுவரைக்கும் எல்லாம் புத்தகம், தபால், தியேட்டர். சரக்கு எந்த ஊருக்குப் போகுதுன்னு அனுப்புறவருக்குத் தெரியும். பிரச்சினையான ஊருக்கு அனுப்பாம இருக்கலாம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

வரவேற்பறையில் பன்றி

காற்றில் போகிற ரேடியோ எந்த வீட்டு வாசலிலும் நிற்காது. 1973 அக்டோபர் 30, மதியம் ரெண்டு மணி வாக்கில் நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. வானொலி ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவைக் கலைஞரின் 12 நிமிட ஒலிப்பதிவைப் போட்டது. ஒலிபரப்பில் சொல்லவே கூடாத கெட்ட வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி அலசுகிற நிகழ்ச்சி. காரில் மகனோடு போய்க்கிட்டிருந்த ஒருவர் கேட்டார். சில வாரம் கழித்து எஃப்.சி.சி. என்ற அரசு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகார் எழுதினார்.

ஆணையம் அபராதம் போடலை. ஆனா இது தண்டிக்கத்தக்கது என்று கோப்பில் எழுதி வைத்தது. லைசன்ஸ் அவங்க கையில இருக்கும்போது அதுவே போதுமே! 1978ல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று ஆணையத்தின் பக்கம் நின்றது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். இந்தப் பேரை மறக்காதீங்க, திரும்ப வருவார்.

கார்லின் பேச்சு ஆபாசம் இல்லைன்னு எல்லாருமே ஒத்துக்கிட்டாங்க. அது வெறும் 'அநாகரிகம்'. புத்தகத்தில் அச்சிட்டா ஒண்ணும் செய்ய முடியாது. ரேடியோவில் மட்டும் ஏன் தப்பு? ரேடியோ வீட்டுக்குள்ள தானா நுழையுது, படிக்கத் தெரியாத குழந்தைக்கும் காது கேட்கும், அதனால விதி வேறன்னு சொன்னார் ஸ்டீவன்ஸ். தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் நிற்கிற மாதிரி என்று ஓர் உவமையும் போட்டார். பன்றி மேல தப்பில்லை, நிற்கிற இடம் தப்பு. அமெரிக்க ஒலிபரப்பில் இன்றைக்கும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இந்த விஷயத்தில் விதி தளர்வு. குழந்தைகள் தூங்கியிருப்பாங்கன்னு நம்பிக்கை.

அடுத்தது டெலிபோன். காசு கட்டி ஒரு எண்ணுக்கு அடித்தால் சூடான பேச்சு கேட்கிற சேவைகள் 80களில் பெருகின. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அநாகரிகம், ஆபாசம் இரண்டையும் சேர்த்துத் தடை செய்தது. 1989ல் உச்சநீதிமன்றம் அநாகரிகம் மீதான தடையை வெட்டியது. ரேடியோ தானா வரும், டெலிபோனை நாமதான் எடுத்து எண்ணைச் சுழற்றணும். ஊடகம் மாறினா விதி மாறும்.

மெம்ஃபிஸில் இருந்து ஒரு போன் கால்

பர்சனல் கம்ப்யூட்டரும் மோடமும் வந்தாச்சு. சிலிக்கான் வேலிக்குப் பக்கத்தில் மில்பிடாஸ் என்ற ஊரில் ஒரு கணவன்-மனைவி வீட்டிலிருந்தே கட்டணம் வாங்கிக்கிட்டு பாலியல் படங்களை மோடம் வழியா இறக்க விடுகிற சேவை நடத்தினாங்க. டென்னஸி மாநில மெம்ஃபிஸில் இருந்த ஒரு தபால் துறை ஆய்வாளர் வேறு பேரில் உறுப்பினர் ஆனார், படங்களை இறக்கினார். வழக்கு மெம்ஃபிஸில். ஜூரி மெம்ஃபிஸ்காரங்க. 1994ல் இருவருக்கும் சிறை.

எங்க சமூகம் மெம்ஃபிஸ் இல்லை, கம்பி வழியா கூடுகிற உலகம்தான் எங்க சமூகம் என்று மேல்முறையீட்டில் வாதாடிப் பார்த்தாங்க. 1996ல் அந்த நீதிமன்றம் ஏற்கலை. உறுப்பினர் எந்த ஊர்க்காரர்னு விண்ணப்பத்திலேயே தெரியும், மெம்ஃபிஸ் வேண்டாம்னா உறுப்பினராச் சேர்க்காம இருந்திருக்கலாம் என்றது. மில்லர் காலத்து லாஜிக். அந்த வழக்குக்கு அது பொருந்தியதும் உண்மை. உறுப்பினர் பட்டியலே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி.

நீலக் கோப்பு

நெப்ராஸ்கா செனட்டர் ஜேம்ஸ் எக்சன் 1995ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். இணையத்தில் கிடைத்த படங்களை அச்செடுத்து நீலக் கோப்பு ஒன்றில் வைத்து சக செனட்டர்களுக்குக் காட்டினார். செனட்டில் ஓட்டு 84க்கு 16. சில வாரத்தில் 'டைம்' இதழ் 'சைபர்போர்ன்' என்று அட்டைப்படம் போட்டு பீதியைக் கிளப்பியது. அதற்கு ஆதாரம் கார்னகி மெலன் பல்கலைக்கழக இன்ஜினியரிங் மாணவர் ஒருவரின் ஆய்வு. மற்ற ஆராய்ச்சியாளர்கள் சீக்கிரமே அதை அக்குவேறு ஆணிவேறா பிரித்துப் போட்டாங்க. ஆனா அட்டைப்படம் ஓடுற வேகத்துல மறுப்பு என்னைக்கு ஓடியிருக்கு?

இன்னொரு சபையில் காக்ஸ், வைடன் என்ற இருவர் நேர் எதிரான ஒன்றை நிறைவேற்றினாங்க. அடுத்தவர் எழுதியதுக்கு இணைய சேவை நடத்துறவரைப் பதிப்பாளரா நடத்தக் கூடாது, தப்பானதை அவர் நல்லெண்ணத்தில் தூக்கினாலும் தண்டிக்கக் கூடாது. ஓட்டு 420க்கு 4. (நம்ம ஊர்ல அந்த எண்ணுக்கு அர்த்தமே வேற.) கடைசியில் ரெண்டையும் ஒரே சட்டத்தில் ஒட்டி, 1996 பிப்ரவரி 8 அன்று கிளின்டன் கையெழுத்துப் போட்டார். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் கண்ணில் படும்படி 'அநாகரிகமான' எதையும் இணையத்தில் வைத்தால் ரெண்டு வருஷம் வரை சிறை. எது அருவருப்பு? 'சமூகத்தின் அளவுகோல்' படி. எதிர்ப்பாக ஆயிரக்கணக்கான தளங்கள் பின்னணியைக் கறுப்பாக்கின.

வழக்கு ஃபிலடெல்ஃபியாவில் மூன்று நீதிபதிகள் முன்னால். எனக்குப் பிடித்த கட்டம் இது. நீதிமன்றத்துக்குள்ளேயே இணைய இணைப்பு கொடுத்து, எப்படி இயங்குதுன்னு நீதிபதிகளுக்குக் காட்டினாங்க. 1996 ஜூனில் வந்த தீர்ப்பின் முன்பாதி ஒரு நல்ல நெட்வொர்க்கிங் பாடப் புத்தகம்.

அடுத்த வருஷம், 1997 ஜூன் 26, உச்சநீதிமன்றம். ஏழு நீதிபதிகள் அந்தப் பிரிவுகளை முழுசா நிராகரித்தாங்க, மீதி ரெண்டு பேர் பெரும்பகுதியை. தீர்ப்பை எழுதியவர் யார்? அதே ஸ்டீவன்ஸ்! ரேடியோவுக்குக் கடிவாளம் போட்டவர் இணையத்துக்கு மறுத்துட்டார். பல்டி இல்லை. இணையம் வரவேற்பறைக்குள் தானா நுழையறதில்லை, தேடிப் போய் ஒவ்வொரு படியா ஏறணும். அலைவரிசைப் பற்றாக்குறையும் இல்லை. போன் இணைப்பு உள்ள எவரும் தெருமுனைப் பேச்சாளர் ஆகலாம்.

'எந்த ஊர்?' கேள்விக்கும் அவர் நேரா வந்தார். நாடு முழுக்கத் தெரிகிற ஒன்றுக்கு ஊர் அளவுகோல் வைத்தால், எந்த ஊருக்கு அதிகமா கோபம் வருமோ அந்த ஊர் அளவுகோல்தான் மொத்த நாட்டுக்கும். ஓர் உதாரணமும் கொடுத்தார். கல்லூரி முதலாண்டு படிக்கிற 17 வயசுப் பிள்ளைக்குக் கருத்தடை பற்றிய தகவலைப் பெற்றவரே மின்னஞ்சலில் அனுப்புறார். வீட்டில் யாருக்கும் தப்பாத் தெரியலை, சொந்த ஊரிலும் தப்பில்லை. கல்லூரி இருக்கிற ஊர்க்காரங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சா அவர் ஜெயிலுக்குப் போகலாம். நம்ம ஊர்ல மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறதுன்னு சொல்வாங்களே, அதேதான்.

எக்சனின் பகுதி செத்தது. காக்ஸ்-வைடன் பகுதி பிழைத்தது. பிரிவு 230 என்று இன்றைக்கும் பேர் அடிபடுவது அதுதான். இந்தப் பிழைப்பில்தான் கம்பெனிகள் தங்களுக்குன்னு விதி எழுதி, அதுக்கு 'கம்யூனிட்டி ஸ்டாண்டர்ட்ஸ்'னு கோர்ட் வார்த்தையையே பேரா வச்சுக்கிட்டாங்க. ஒரு வித்தியாசம். கோர்ட்டில் அந்த அளவுகோலைச் சொல்ல ஊர்க்காரர்கள் ஜூரியா உட்காருவாங்க. இங்க ஊரும் இல்லை, ஜூரியும் இல்லை. எதை எப்படி வெட்டுறாங்க என்ற உள் விதிகளை ஃபேஸ்புக் விரிவாக வெளியிட்டதே 2018 ஏப்ரலில் தான்.

நம்ம ஊர்ப் பக்கம்

ஹிக்ளின் தாத்தாவுக்கு நம் உச்சநீதிமன்றம் விடை கொடுத்தது 2014ல். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் காதலியும் இருந்த ஒரு படத்தை 1993ல் வெளியிட்ட கல்கத்தா பத்திரிகைகள் மீதான வழக்கு அது. இருபது வருஷம் இழுத்த பிறகு, இனி ஹிக்ளின் இல்லை, சமூகத்தின் இன்றைய அளவுகோல்தான் என்றது நீதிமன்றம். 1957ன் அமெரிக்கச் சொல் 57 வருஷம் கழித்து டெல்லி வந்து சேர்ந்தது. எந்த ஊர் என்ற கேள்வியையும் கூடவே கூட்டிக்கிட்டு!

அதற்குள் இங்கே ஐ.டி. சட்டம் 66ஏ விளையாடியிருந்தது. 'எரிச்சல்', 'அசௌகரியம்' உண்டாக்கினாலே மூணு வருஷம் சிறை என்ற பிரிவு. 2012ல் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபர் ட்விட்டரில் எழுதியதுக்கும், அதே வருஷம் மகாராஷ்டிராவின் பால்கரில் ரெண்டு இளம்பெண்கள் ஃபேஸ்புக்கில் எழுதியதுக்கும் லைக் போட்டதுக்கும் கைதானாங்க. 2015 மார்ச் 24ல் உச்சநீதிமன்றம் 66ஏவைத் தூக்கி எறிந்தபோது, ஸ்டீவன்ஸின் 1997 தீர்ப்பையும் எடுத்துப் பேசியது. ஃபிலடெல்ஃபியாவில் போட்ட இணைய டெமோவுக்கும் நம்ம புதுச்சேரிக்காரருக்கும் இப்படி ஒரு சொந்தம்.

இல்லாத ஃபீச்சர் கொடுத்த சுதந்திரம்

சுபம் போட்டுடலாமா? முடியாது. 1998ல் காங்கிரஸ் இன்னொரு சட்டம் போட்டது, வணிகத் தளங்களுக்கு மட்டும். அதிலும் ஊர் அளவுகோல். பார்க்கிறவர் எந்த ஊர்னு தளத்துக்குத் தெரியவே வழியில்லை, அதனால் செல்லாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2002ல் உச்சநீதிமன்றம் அந்தக் காரணம் மட்டும் போதாது என்றது. நீதிபதி தாமஸ், ஊர் பார்த்து அனுப்பணும்னா ஊர் பார்த்து அனுப்ப முடிகிற ஊடகத்தைத் தேர்ந்தெடுத்துக்கோங்கன்னு எழுதினார். எதிர்த்து ஓட்டுப் போட்டது ஸ்டீவன்ஸ் மட்டும். வேறு காரணங்களுக்காக அந்தச் சட்டம் கடைசி வரை அமலுக்கே வராம 2009ல் உயிரை விட்டது.

2008ல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் ஒரு ஆபாச வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் கூகுள் ட்ரெண்ட்ஸை எடுத்தார். உங்க ஊர் மக்கள் 'ஆப்பிள் பை', 'தர்பூசணி' என்பதை விட, சபையில் சொல்ல முடியாத ஒரு வார்த்தையைத்தான் அதிகம் தேடுறாங்க, உங்க நிஜ அளவுகோல் இதுதான்னு காட்ட ஏற்பாடு பண்ணினார். சபையில் ஒரு ஸ்டாண்டர்ட், ப்ரௌசர் ஹிஸ்டரியில் ஒரு ஸ்டாண்டர்ட். எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

இப்ப என் பாயிண்டுக்கு வர்றேன். 1997ன் வெற்றி கொள்கையின் மேல மட்டும் நிற்கலை, ஒரு தொழில்நுட்ப உண்மையின் மேலயும் நின்றது. எதிர்முனையில் இருக்கிறவர் எந்த ஊர், என்ன வயசுன்னு அன்றைய இணையத்துக்குத் தெரியாது. அதாவது ஒரு ஃபீச்சர் இல்லை, அதனால சுதந்திரம் கிடைத்தது. அன்றே நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் தனியா எழுதிய குறிப்பில் இதைத் தொட்டிருந்தார். இணையத்திலும் வாயில் கட்டி, வயசு பார்த்து உள்ளே விடுகிற தொழில்நுட்பம் வரலாம், அப்போது கேள்வி மாறும் என்பதுதான் அவர் பார்வை.

ஃபீச்சர் வந்துடுச்சு. 2000ல் யாஹூவின் மீது பிரான்சில் நடந்த வழக்கிலேயே, ஐபி முகவரியை வைத்து பிரெஞ்சுப் பயனர்களில் சுமார் 70 சதவீதம் பேரை அடையாளம் காணலாம்னு நிபுணர்கள் சொல்லிட்டாங்க. இன்றைக்கு நம்ம போன் நாம எந்தத் தெருவில் நிற்கிறோம்னே சொல்லும். டெக்சாஸ் 2023ல் சட்டம் போட்டது. ஒரு தளத்தின் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறுவர்களுக்கு ஆகாததாக இருந்தால் வருகிறவரின் வயதைச் சரிபார்க்கணும். சில தளங்கள் டெக்சாஸுக்கே கதவைச் சாத்தின. 2025 ஜூன் 27ல் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூணு என்று அந்தச் சட்டம் செல்லும் என்றது. எழுதியவர் தாமஸ். பழைய தீர்ப்புகள் வந்த காலத்து இணையம் வேறு, இன்றைய இணையம் வேறு என்பதும் அவர் வாதத்தில் இருந்தது.

குழந்தைகளைக் காப்பாற்றணும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரில் மகனோடு போன அந்த அப்பாவின் சங்கடமும் நிஜம். கேள்வி, அந்த 'இஃப் கண்டிஷனை' எங்கே எழுதுறது என்பதுதான். அனுப்புறவர் தலையில் எழுதினா, கோபக்கார ஊருக்குப் பயந்து அவர் எழுதுறதையே நிறுத்திடுவார். நடுவில் வாசல் கட்டி அடையாள அட்டை கேட்டா, யார் எதைப் படித்தார்னு ஒரு பதிவேடு உருவாகிற ஆபத்து இருக்கு. எந்த டேட்டாபேஸும் கசியாதுன்னு எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டான். பெறுகிற முனையில், வீட்டில், பெற்றோர் கையில் கொடுத்தா ஓட்டை இருக்கும், சோம்பேறித்தனம் இருக்கும். ஆனா ஒரு வீட்டின் முடிவு அடுத்த வீட்டைக் கட்டாது. 1996 சட்டத்திலேயே டி.வி.க்குள் வி-சிப் வைக்கச் சொன்னது இந்த வழியில்தான். மூணில் எனக்குக் கடைசி வழி தேவலை.

1997ல் ஒரு நீதிபதி, நெட்வொர்க்கால் முடியாது என்று சொல்லித் தப்பிக்க வைக்க முடிந்தது. இனி அந்தச் சாக்கு செல்லாது. எல்லா ஊரையும் எல்லா வயசையும் கண்டுபிடிக்க முடியும். முடியும் என்பதால் செய்யணுமா என்பதை இப்போது கொள்கையா மட்டும்தான் பேசியாகணும். அந்தப் பேச்சை வக்கீல்களிடமும் கம்பெனிகளிடமும் மட்டும் விட்டுட்டா, மெம்ஃபிஸோ மைலாப்பூரோ, எந்த ஊருக்கு மூக்கு மேல கோபம் வருதோ அந்த ஊர்தான் நமக்கும் எழுத்துப் பாடம் எடுக்கும்.

உங்களுக்கு மூணில் எது சரின்னு படுது? சொல்லுங்க, சண்டை போடலாம்.